அக்காவுக்காகக் கழற்றிய நட்சத்திரம்

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தைக் கட்ட ஒரு நாள் உண்டு, கழற்ற ஒரு நாள் உண்டு. கிறிஸ்துமஸுக்கு நாலு வாரம் முன்னால், அட்வென்ட் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து கட்ட வேண்டும். ஜனவரி ஆறாம் தேதி, நட்சத்திரத்தை வழிகாட்டியாக வைத்துக் குழந்தை இயேசுவைத் தேடிப் போன சாஸ்திரிகள் பெத்லகேமுக்கு வந்து சேர்ந்த திருநாள் கழிந்த பிறகுதான் கழற்ற வேண்டும். நடுவில் மழை பெய்து காகிதம் கிழிந்து வெறும் குச்சியாகத் தொங்கினாலும் அம்மா தொட விடமாட்டார். "அவங்க இன்னும் வந்து சேரல. அதுக்குள்ள வெளக்க அணைச்சா எப்படி?" என்பார். யாரோ மூன்று பேர் ஒட்டகத்தில் கிளம்பி எங்கள் லிங்கராஜபுரத்துக்கே வந்துகொண்டிருப்பதைப் போலத்தான் பேசுவார்.

கட்டுவது அக்காவின் வேலை. எனக்கு மொட்டை மாடி ஓரத்தில் நின்றாலே தலை சுற்றும். அவள் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி, மூங்கில் கழியை பைப்போடு சேர்த்துக் கட்டி, உச்சியில் சிவப்புக் காகித நட்சத்திரத்தை ஏற்றிவிட்டு, "நேரா இருக்காடி?" என்று கத்துவாள். நான் தெருவில் நின்றுகொண்டு, "கொஞ்சம் லெஃப்ட்" என்பேன். நேராகத்தான் இருக்கும், அவளை இன்னும் கொஞ்ச நேரம் மேலே நிறுத்திவைக்க ஆசை. பஸ் ஸ்டாப்பிலிருந்து வந்தால் எங்கள் பக்கத்துக் குறுக்குத் தெருக்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். டிசம்பரில் வீட்டுக்கு வருகிறவர்களிடம் அப்பா ஒரே வார்த்தைதான் சொல்வார்: மேலே பார்த்துக்கொண்டே வாங்க, சிவப்பு ஸ்டார் தெரிகிற தெருவில் திரும்புங்க.

அந்த அக்கா இப்போது கிறிஸ்துமஸ் கொண்டாடுவதில்லை. மதம் மாறிவிட்டாளா என்றால், இல்லை. எங்களையெல்லாம்விடப் பெரிய கிறிஸ்தவள் ஆகிவிட்டாள், அதுதான் தொந்தரவு.

பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு இது புரிவதே இல்லை. அவர்கள் இந்துக்கள், எங்களைப் போலவே இந்தக் கன்னட ஊரில் வேர் விட்டுப்போன தமிழ்க் குடும்பம். ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு தட்டு பலகாரம் எங்கள் வீட்டுக்கு வரும், கிறிஸ்துமஸுக்கு அதே தட்டு கல்கல்லும் ரோஸ் குக்கியுமாகத் திரும்பிப் போகும். "அதே சாமி, அதே புஸ்தகம். அப்புறம் எதுக்கும்மா அக்கா தங்கச்சிக்குள்ள ஜகளா?" என்று ஒருமுறை மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார். சண்டையெல்லாம் இல்லை என்றேன். சண்டையாக இருந்தால் தேவலையே. ஒரு நாள் சமாதானம் ஆகிவிடலாம்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒரே கட்டுப்பெட்டிகள்தான். எங்கள் வீடு ஒன்றும் தாராள வீடு இல்லை. ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் சினிமா கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஊசியில் நூல் கோக்கக்கூடாது. அறுந்த பட்டன் திங்கள்வரை அறுந்தே இருக்கும். கோயிலில் அப்பா உட்கார்ந்த பெஞ்சில்தான் இன்றும் உட்காருகிறேன், அங்கே வேறு யாராவது முந்திக்கொண்டால் ஜெபத்தில் மனம் போவதில்லை. பெண் கொடுப்பது, எடுப்பது எல்லாம் "நம்ம ஆளுங்க"ளுக்குள். அதற்கு வேதத்தில் எங்கே ஆதாரம் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பெரியவர்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு காப்பி கேட்டிருப்பார்கள்.

ஆனால் அக்காவின் சபை வேறு மாதிரி. எனக்குப் புரிந்தவரை கணக்கு இதுதான். எங்களுக்கு, வேதம் கூடாது என்று சொல்லாததெல்லாம் கூடும். அப்பா அம்மா செய்ததாக இருந்தால் செய்தே ஆக வேண்டும். அவர்களுக்கு, வேதம் செய் என்று சொல்லாததெல்லாம் கூடாது. அப்பா அம்மா செய்ததாக இருந்தால் இன்னும் சந்தேகம். அதனால் அவர்களுக்கு கிறிஸ்துமஸ் இல்லை, லெந்து இல்லை, அச்சடித்த ஜெபம் இல்லை, குழந்தை ஞானஸ்நானம் செல்லாது. நகை இல்லை, பூ இல்லை, டிவி இல்லை. ஆன்ட்டி வீட்டு அதிரசம் வந்தால் நாங்கள் ஒரு வார்த்தை ஜெபித்துவிட்டுச் சாப்பிடுவோம், அக்கா சாமிக்குப் படைத்தது என்று தொடமாட்டாள். நாங்களும் நரகம் இருக்கிறது என்றுதான் நம்புகிறோம், ஆனால் யார் யார் போவார்கள் என்று விசாரிப்பது மரியாதையில்லை என்று விட்டுவிடுவோம். அவர்கள் விடுவதில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு அக்காவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவள் ஏன் போனாள் என்று எனக்குத் தெரியும். கல்யாணமாகி ஊரின் இன்னொரு கோடியில் இருக்கும் ஹெப்பகோடிக்குப் போனாள். மாமாவுக்குப் பக்கத்துத் தொழிற்பேட்டையில் வேலை. நல்ல மனிதர், குடி மட்டும் அவரைப் பிடித்துக்கொண்டது. எங்கள் சபைப் போதகரான ஐயர் ஒரு நாள் அவ்வளவு தூரம் போனார். சங்கடத்தோடு புத்தகத்தைத் திறந்து அழகாக ஒரு ஜெபம் வாசித்தார், டீ குடித்தார், "கர்த்தர் பார்த்துப்பார்மா" என்று சொல்லிவிட்டு வந்தார். அதற்கு மேல் ஒருவர் வீட்டு விஷயத்தில் தலையிடுவது எங்களுக்குப் பழக்கமில்லை. நாங்களும் போனில் பேசும்போது மாமாவின் குடியைத் தவிர எல்லாவற்றையும் பேசினோம்.

அவள் வீட்டுப் பக்கத்தில் ஒரு தகர ஷெட்டில் கூடுகிற, அவள் இப்போது போகிற சபைக்காரர்கள் தலையிட்டார்கள். ஷிஃப்ட் முடிந்து நேராக வந்தார்கள். மாமா திட்டினார், அடுத்த நாளும் வந்தார்கள். அவர் வாந்தி எடுத்ததைத் துடைத்தார்கள். கூட உட்கார்ந்து அழுதார்கள், சத்தம் போட்டு ஜெபித்தார்கள், கம்பெனிக்குக் கூட்டிக்கொண்டு போய் கேட்டுவரை விட்டுவந்தார்கள். மாமா நிறுத்திவிட்டார். இன்றுவரை தொடவில்லை. அக்கா காதில் கிடந்ததைக் கழற்றி என் கையில் வைத்தபோது, "யாருமே வராதப்போ அவங்கதாண்டி வந்தாங்க" என்று மட்டும் சொன்னாள். அம்மாவின் அந்தக் கம்மலை இப்போது நான்தான் போட்டிருக்கிறேன்.

அவள் மகளுக்கு அந்தச் சபையிலேயே கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை என்ன ஆட்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. தாலி இல்லை, மோதிரம் இல்லை; வேதப்புத்தகத்தை மாற்றிக்கொண்டார்கள். எங்கள் சொந்தக்காரர்கள் தாலி இல்லாத கல்யாணத்துக்கு எப்படிப் போவது என்று காரணம் சொன்னார்கள். உண்மைக் காரணம் எல்லோருக்கும் தெரியும். நானும் என் வீட்டுக்காரரும் போனோம். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டேன். எங்கள் கல்கோயிலில் இத்தனை காலமாக முடியாத ஒன்று அந்தத் தகரக் கூரையின் கீழே சாதாரணமாக நடந்துவிட்டதைப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

எல்லாம் சரி. ஆனால் எனக்கு என் அக்கா வேண்டும். அதை எந்தச் சபையில் போய்ச் சொல்வது?

அவளுக்கும் நான் வேண்டும் என்பதுதான் இதில் கொடுமை. எனக்காக வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருக்கிறாள். நான் இன்னும் இரட்சிக்கப்படவில்லை, பரலோகம் சேரமாட்டேன் என்பது அவள் முடிவு. முதலில் எனக்குக் கோபம் தலைக்கேறியது. குழந்தையிலிருந்து கோயிலே கதி என்று கிடக்கிறவளைப் பார்த்து இப்படிச் சொன்னால்? "நான் என்ன நடுரோட்டுலயா நிக்கறேன்?" என்று போனில் கத்தினேன். அவள் திருப்பிக் கத்தவில்லை. அழுதாள். "நான் அங்க போயி உன்னத் தேடுவேன்டி. தேடி, நீ இல்லன்னா நான் என்ன பண்றது?" என்றாள். அதற்குப் பிறகு அந்த விஷயத்தில் அவளிடம் கோபப்பட என்னால் முடிந்ததில்லை.

சில வருஷங்கள் டிசம்பர் மாதத்தில் அவள் வரவே இல்லை. கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்காரும்போது நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கல்கல் செய்வதற்கு வீட்டில் ஆள் வேண்டும். பிசைந்த மாவை உருட்டி முள்கரண்டியின் முதுகில் வைத்து அழுத்திச் சுருட்ட வேண்டும். தனியாக உட்கார்ந்து அதைச் செய்வது தண்டனை. அக்கா சுருட்டினால் சங்கு மாதிரி இருக்கும். நான் சுருட்டினால் எண்ணெயில் போட்டதும் விரிந்துகொள்ளும்.

அப்புறம் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். கிறிஸ்துமஸ் கழிந்து வரும் சனிக்கிழமை மாமாவுக்கு லீவு. அன்று வரச் சொன்னேன்.

"அது கிறிஸ்துமஸ் சாப்பாடு இல்லையே?"

"இல்ல. வெறும் சாப்பாடு."

"கல்கல் போடுவியா?"

"போடறேன். அது வெறும் கல்கல்தான்."

கொஞ்சம் யோசித்தாள். மாவிலும் சர்க்கரையிலும் பாவம் இல்லை என்று அவளுக்கே தோன்றியிருக்க வேண்டும். "சரி" என்றாள்.

அப்பா அம்மா காலத்துக்குப் பிறகு நானும் என் வீட்டுக்காரரும் இருக்கிற அதே வீட்டில் அதிலிருந்து இரண்டு பண்டிகைகள். ஒன்று எல்லோருக்கும் உள்ளது. இன்னொன்றுக்குப் பேர் கிடையாது. அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின நாள் நான் வீட்டையே மாற்றுவேன். குடிலைக் கலைத்து, மரியாளையும் யோசேப்பையும் ஆடுகளையும் பழைய துணியில் சுற்றி அலமாரியில் வைப்பேன். சுவரில் ஒட்டியிருக்கும் வாழ்த்து அட்டைகளை எடுப்பேன். கடைசியில், தலை சுற்றினாலும் பரவாயில்லை என்று மாடிக்குப் போய் நட்சத்திரத்தை இறக்குவேன். என் வீட்டுக்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் ஆறாம் தேதி வரலியே, உங்கம்மா கனவுல வந்து திட்டப்போறாங்க" என்பார். திட்டட்டும். அம்மாவின் விதியை மீறினால் அம்மா மன்னிப்பார். நட்சத்திரம் இருந்து அக்கா வாசலிலிருந்தே திரும்பிவிட்டால் என்னால் தாங்க முடியாது. அக்கா அப்படித் திரும்புவாளா என்று நான் கேட்டுப் பார்த்ததில்லை. பயம்தான்.

பூவை மட்டும் எடுக்கமாட்டேன். மல்லிகையும் அம்மாவின் கம்மலுமாகத்தான் கதவைத் திறப்பேன். அந்த அளவுக்கு நான் இறங்கிவிடவில்லை என்று காட்ட வேண்டாமா? அவள் அந்தக் கம்மலை ஒருமுறை பார்ப்பாள். பிறகு நேராக அடுப்படிக்குப் போய், நான் அவளுக்கென்று எடுத்துவைத்திருக்கும் மாவை உருட்ட ஆரம்பித்துவிடுவாள். சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம். நான் சின்னதாக அம்மா சொன்ன ஜெபத்தைச் சொல்வேன். அதில் அவளுக்குத் திருப்தி இருக்காது, அவள் நீளமாக ஒன்று செய்வாள். குழம்பு ஆறிப்போகும். ஆறினாலும் அந்தக் குழம்புக்கு ஈடாக வருஷம் முழுக்க நான் வேறொன்று சாப்பிடுவதில்லை.

இதெல்லாம் மாமா ஸ்கூட்டரில் அழைத்துவந்து வாசலில் இறக்கிவிடும் வரையில் ஒழுங்காக நடந்தது. போன வருஷம் அவருக்கு முழங்கால் தகராறு, வண்டி ஓட்டக்கூடாது என்றுவிட்டார்கள். அக்கா தனியாக பஸ்ஸில் வருவதாகச் சொன்னாள். சிவாஜி நகரில் மாறி வர வேண்டும். நான் வந்து ஸ்டாப்பில் நிற்கிறேன் என்றதற்கு அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் பொறந்து வளந்த எடம்டி. எனக்கு வழி காட்டறியா?" என்றாள்.

பன்னிரண்டு மணிக்கு வருவதாகச் சொன்னவள் வரவில்லை. ஒரு மணி ஆகும்போது நான் கேட்டுக்கும் அடுப்படிக்கும் நடக்க ஆரம்பித்திருந்தேன். போன் அடித்தது.

"எங்கடி இருக்கு வீடு?" என்றாள். மூச்சு வாங்கியது. "முனையில இருந்த பேக்கரியக் காணோம். மரத்த வெட்டிட்டாங்களா? எல்லா தெருவுலயும் அஞ்சு மாடி கட்டி பிஜி ஹாஸ்டல்னு போர்டு மாட்டியிருக்கான். ரெண்டு தடவ சுத்திட்டேன். மேல பாத்துகிட்டே வரேன், ஸ்டாரக் காணோமே."

சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள். ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு போவது அவள் பக்கத்திலிருந்து கேட்டது.

"அங்கயே நில்லு, வரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். இந்த வயதில் ஓட்டமென்ன, வேக நடைதான். இரண்டு தெரு தள்ளி, ஒரு மருந்துக் கடை ஓரத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். அவர்கள் சபையின் வெள்ளைப் புடவை, மூளியான காது, தோளில் துணிப்பை. அவள் என்னைப் பார்க்கவில்லை. நெற்றிக்கு மேல் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு, மாடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நட்சத்திரம் இல்லை என்று தெரிந்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தாள். காலேஜ் விட்டு வரும்போது இதே கண்ணோடுதான் வருவாள். எனக்கு அப்படியே போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. கட்டிக்கொண்டேன். மருந்துக் கடைக்காரர் பார்த்தார், பார்க்கட்டும்.

அவள் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு அழைத்துவந்தேன். கேட்டைத் திறந்ததும் அவள் நின்று மாடியைப் பார்த்தாள். தொட்டிமேல் மொட்டைக் கழி மட்டும் நின்றிருந்தது.

"ஒவ்வொரு வருசமும் எனக்காகத்தான் கழட்டறியா?"

"ஆமா."

"நான் கழட்டச் சொன்னேனா?"

"சொல்லல. நீ வராம போயிடுவியோன்னு பயந்து கழட்டறேன்."

"ஆறாம் தேதிக்கு முன்னாடி கழட்டினா அம்மாவுக்குப் பிடிக்காது" என்றாள். அவள் வாயிலிருந்து அப்படியொரு வாக்கியம் வரும் என்று நான் நினைக்கவே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். மாவு உருட்டினாள். இரண்டு ஜெபங்களும் நடந்தன. குழம்பு ஆறியது.

சாயங்காலம் கிளம்பும்போது கல்கல் டப்பாவைப் பைக்குள் வைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "அடுத்த வருசம் கழட்டாத. பண்டிகைக்காகச் சொல்லல. எனக்கு வழி தெரியணும், அதுக்குத்தான்."

"சாஸ்திரிங்க மட்டும் வேற எதுக்குப் பாத்தாங்களாம்?" என்றேன்.

முதலில் முறைத்தாள். பிறகு சிரித்துவிட்டாள், பழைய சிரிப்பு, மாடியிலிருந்து கேட்கிற சிரிப்பு. "வாய் மட்டும் கொறயல உனக்கு" என்று என் தலையில் தட்டினாள். தட்டின கை மல்லிகைமேல் கொஞ்ச நேரம் இருந்தது. அப்போது கேட்டுவிடலாமா என்று நினைத்தேன்: அப்படியென்றால் இருபத்தைந்தாம் தேதியே வந்துவிடேன். கேட்கவில்லை. கேட்டால் அவள் இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கும், அவளுக்கும் வலிக்கும். பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

இந்த வருஷம் கழியை நீளமானதாக வாங்கினோம். சுற்றிலும் ஐந்து மாடி வந்துவிட்டதால் பழைய கழி எட்டாது. நட்சத்திரமும் பெரிது, சிவப்புதான். கட்டியது எலக்ட்ரீஷியன். நான் தெருவில் நின்று "கொஞ்சம் லெஃப்ட்" என்றேன். அவர் நேராகத்தானே இருக்கிறது என்று சண்டைக்கு வந்தார்.

இருபத்தைந்தாம் தேதி ஆராதனை முடிந்தது. எல்லோரும் கைகுலுக்கி வாழ்த்திக்கொண்டார்கள். என் வீட்டுக்காரரை முன்னால் போகச் சொல்லிவிட்டு, பட்டுப் புடவையோடு பஸ் ஸ்டாப்பில் போய் நின்று மேலே பார்த்தேன். நன்றாகத் தெரிகிறது, சனிக்கிழமை அவளுக்குத் திண்டாட்டம் இருக்காது. வேலை முடிந்தது, வீட்டுக்குப் போயிருக்கலாம், அங்கே எல்லோரும் சாப்பிடக் காத்திருப்பார்கள். அந்த நேரம் பார்த்து சிவாஜி நகர் பஸ் வந்து நின்றது. இன்று அவள் வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். கடைசி ஆள் இறங்கும்வரை நின்றிருந்தேன்.